ராட் பிரிண்டமோர் மாதிரி ஆட்டக்காரர் கோச் ஆறதுக்கு நடுவுல என்னதான் நடக்குது?

நீலக்கோடு:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. நான் என்எச்எல், அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக், பாக்க ஆரம்பிச்சு நாலு வருஷம்தான் ஆகுது, கரோலினா ஹரிகேன்ஸ்தான் என்னோட டீம். பெஞ்சுக்குப் பின்னாடி கோட்டு சூட்டோட, தாடைய இறுக்கிக்கிட்டு நிப்பாரே ராட் பிரிண்டமோர், அவர் இதே டீமுக்கு கேப்டனா இருந்து 2006ல லீகோட சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப் ஜெயிச்சவர்ங்கறதே எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. அன்னைலேர்ந்து பழைய வீடியோவாத் தேடித் தேடிப் பாத்துட்டிருக்கேன். எட்மன்டன் ஆயிலர்ஸோட ஃபைனல், ஏழாவது கேம், 3-1ன்னு முடிஞ்சதும் கமிஷனர் கேரி பெட்மன் கப்பக் குடுக்கறாரு, வழக்கமா ரெண்டு பேரும் சேந்து போட்டோவுக்கு நிப்பாங்கல்ல, இவர் அதுக்கெல்லாம் நிக்கவே இல்ல, கண்ணு கலங்கிப்போய் பிடுங்காத குறையா வாங்கித் தலைக்கு மேல தூக்கிட்டாரு. அந்த ஒரு காட்சிய மட்டும் இருபது தடவ பாத்திருப்பேன்.

இப்ப கேள்விக்கு வரேன். இவர் ஆட்டக்காரராவும் ஜெயிச்சாரு, கோச்சாவும் டீமத் தூக்கி நிறுத்திட்டாரு. ஆனா வேய்ன் க்ரெட்ஸ்கிய எடுத்துக்கோங்க, 894 கோல், 2,857 பாயின்ட் (கோலும், அசிஸ்ட்னு சொல்ற கோலுக்கு உதவின பாஸும் சேத்து), அவருக்கு மேல ஒருத்தர் பிறக்கணும். அவர் 2005லேர்ந்து 2009 வரைக்கும் ஃபீனிக்ஸ் கயோட்டீஸுக்கு நாலு சீசன் கோச்சா இருந்தாரு, ஒரு தடவகூட ப்ளேஆஃப், அதாவது சீசன் முடிஞ்சு கப்புக்காக நடக்கற நாக்அவுட் சுத்து, எட்டிப் பாக்கல. ரெண்டு பேருக்கும் ஹாக்கி தெரியும், அப்புறம் எங்க வித்தியாசம் வருது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

பழைய_ஸ்கேட்:

தம்பி நல்ல கேள்வி கேட்டீங்க. பிரிண்டமோர நான் ஃப்ளையர்ஸ் காலத்துலேர்ந்து பாத்துட்டு வரேன், அதனால அவரப் பத்தி எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், க்ரெட்ஸ்கி விஷயத்துக்குப் பின்னாடி வரேன்.

1970ல ஒட்டாவால பிறந்தாலும் அவர் வளந்ததெல்லாம் கனடாவோட மேற்குக் கரையில, பிரிட்டிஷ் கொலம்பியால இருக்கற கேம்ப்பெல் ரிவர்ல. 1988 டிராஃப்ட்ல (டீம்கள் வரிசையா இளம் ஆட்டக்காரங்களத் தேர்ந்தெடுக்கறது) செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் ஒன்பதாவது ஆளா எடுத்தாங்க, மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு ஒரு வருஷம் ஆடிட்டு லீகுக்கு வந்துட்டாரு, 1991ல ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸுக்கு மாத்தி விட்டுட்டாங்க. அங்கதான் அவர் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. தொடர்ச்சியா 484 மேட்ச், ஒண்ணுகூட விடாம ஆடினாரு, ஃப்ளையர்ஸ்ல அது சாதனை. ஹாக்கில 484 மேட்ச் தொடர்ந்து ஆடறதுன்னா என்னன்னு பாக்கற நமக்குத் தெரியாது, பக் (பந்துக்குப் பதிலா இருக்கற ரப்பர் வட்டு) பட்டு வீங்கின காலோட ஸ்கேட்டுக்குள்ள பாதத்தத் திணிக்கறவனுக்குத்தான் தெரியும். மேட்ச் முடிஞ்சு மத்தவங்க கிளம்பிப் போவாங்க, இவர் ஜிம்முக்குள்ள போவாரு, அதனாலதான் ராட் த பாட்னு (பாட்னா உடம்பு) பட்டப்பேரே வந்துச்சு.

2000 ஜனவரில கீத் ப்ரீமோவுக்குப் பதிலா கரோலினாவுக்கு அனுப்பினாங்க. ஃபிலடெல்ஃபியா மாதிரி ஹாக்கி வெறி பிடிச்ச ஊர விட்டுட்டு அப்பத்தான் ஹாக்கின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டிருந்த ராலி ஊருக்கு. போன உடனே நல்லாப் போகல. 2002ல ஃபைனல் வரைக்கும் போய் டெட்ராய்ட்கிட்ட தோத்தாங்க. 2005ல கேப்டன், 2006ல கப். அந்த ஃபைனலோட முதல் கேமயும் தேடிப் பாருங்க, 3-0ன்னு பின்தங்கி இருந்து மேல வந்து, கடைசி நிமிஷத்துல எட்மன்டன் கோலி, அதாவது கோல் காக்கறவர், வலைக்குப் பின்னாடி பக்கத் தவற விட, சும்மாக் கெடந்த வலைக்குள்ள பக்கச் சொருகினது இவர்தான், 5-4. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் செல்கி டிராஃபி, அதாவது தடுப்பாட்டத்துல லீக்லயே சிறந்த ஃபார்வர்ட். 2010ல ஓய்வு பெறும்போது 1,484 மேட்ச், 452 கோல், 732 அசிஸ்ட்.

இனிமேதான் முக்கியமான பகுதி, யாரும் இதப் பேசறதில்ல. 2010ல ரிடயர் ஆனவர் 2018லதான் ஹெட் கோச். நடுவுல 2011லேர்ந்து ஏழு சீசன் அதே டீம்ல அசிஸ்டன்ட். பால் மாரிஸ், கிர்க் முல்லர், பில் பீட்டர்ஸ்னு மூணு ஹெட் கோச்சுக்குக் கீழ. அந்த ஏழு வருஷத்துல ஒரு வருஷம்கூட டீம் ப்ளேஆஃப் போகல! தன்னோட 17ஆம் நம்பர் ஜெர்சி கூரையில தொங்குது, அதுக்குக் கீழயே நின்னுக்கிட்டு தோத்துட்டிருக்கற டீமோட பவர் ப்ளே (எதிர் டீம்ல ஒருத்தர் பெனால்டில வெளிய இருக்கற நேரம்) வீடியோவ ராத்திரி உக்காந்து வெட்டி ஒட்டறதுன்னா மனசு எப்படி இருக்கும்னு யோசிங்க. பேர் இருக்கு, பணம் இருக்கு, வீட்டுல நிம்மதியா இருந்திருக்கலாம்.

2018 மே மாசம் ஹெட் கோச். ஒன்பது சீசனா ப்ளேஆஃப் பாக்காத டீம் முதல் வருஷமே கான்ஃபரன்ஸ் ஃபைனல், அதாவது ஸ்டான்லி கப் ஃபைனலுக்கு முந்தின சுத்து, போச்சு. அப்ப அவருக்குக் கேப்டன் யாரு தெரியுமா? ஜஸ்டின் வில்லியம்ஸ். 2006 ஏழாவது கேம்ல காலி வலைக்குள்ள மூணாவது கோலப் போட்டாரே, அதே ஆள். கூட ஆடினவனுக்கே கோச் ஆறது சுலபமில்ல, முந்தா நாள் வரைக்கும் பக்கத்து ஸ்டால்ல உக்காந்து ஸ்கேட் லேஸ் கட்டினவனப் பாத்து இன்னைக்கு உனக்கு ஆட்ட நேரம் கம்மின்னு சொல்லணும். ஆனா இந்த ரெண்டு பேரும் அத எப்படியோ அழகா நடத்திக் காட்டினாங்க. முந்தின வருஷ சாம்பியன் வாஷிங்டனோட ஏழாவது கேம், ரெண்டாவது ஓவர்டைம், வில்லியம்ஸ் வலைப் பக்கம் தள்ளி விட்ட பக்க ப்ராக் மெக்கின் திருப்பி விட்டாரு, முடிஞ்சுது. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல.

க்ரெட்ஸ்கி 1999ல ஓய்வு, அப்புறம் டீமோட பங்குதாரர், நேரா ஹெட் கோச். அசிஸ்டன்டா ஒரு நாள் கூட இல்ல. என் பதில் அவ்வளவுதான், அந்த ஏழு வருஷம்தான் வித்தியாசம்.

ராத்திரி_ஆட்டம்:

அண்ணா சொன்னது பாதி சரி, மீதிய நான் ஒத்துக்க மாட்டேன். அசிஸ்டன்டா இருந்தாத்தான் வரும்னா மார்ட்டின் செயின்ட் லூயிய எங்க வைப்பீங்க? (பிரெஞ்சுப் பேரு, கடைசி எழுத்து வாய்ல வராது.) ஒருத்தரும் டிராஃப்ட் பண்ணாத ஆளு, அஞ்சடி எட்டங்குலம், கால்கரி வேணாம்னு விட்டுட்டாங்க, டாம்பா பே 2000ல சேத்துக்கிச்சு. 2004ல லீக்லயே அதிகபட்சமா 94 பாயின்ட், லீகோட மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபி, ஸ்டான்லி கப், எல்லாம் ஒரே வருஷத்துல. அதுவும் அந்த ஃபைனல்ல தன்னை விட்ட கால்கரிக்கு எதிராவே, ஆறாவது கேம், ரெண்டாவது ஓவர்டைம்ல கோல். 2013ல 37 வயசுல மறுபடியும் லீக்ல அதிகப் பாயின்ட். மொத்தம் 1,033 பாயின்ட், ஹால் ஆஃப் ஃபேம். நட்சத்திரம்னா இவரும் நட்சத்திரம்தான்.

2015ல ஓய்வு எடுத்துட்டு இவர் போனது என்எச்எல் பெஞ்சுக்கு இல்ல, தன் மகன்கள் ஆடற சின்னப் பசங்க டீமுக்கு. நடுவுல 2019ல கொலம்பஸுக்கு பவர் ப்ளே ஆலோசகரா கொஞ்ச நாள், அதுவும் அவரோட பழைய டாம்பா கோச் ஜான் டோர்டொரெல்லா அங்க இருந்ததாலதான். மத்தபடி பசங்க ஹாக்கிதான். அப்படியே 2022 பிப்ரவரில மான்ட்ரியால் கனேடியன்ஸ் கூப்பிட்டு ஹெட் கோச்சா உக்கார வெச்சாங்க. ஊரே என்னடா இதுன்னு பாத்துச்சு. அப்ப டீமோட நிலைமை 45 மேட்ச்ல எட்டே வெற்றி.

மான்ட்ரியாலோட இளம் ஆட்டக்காரர் கோல் காஃபீல்டப் பாருங்க, அதுதான் என்னோட ஆதாரம். அந்தப் பையன் அந்த சீசன்ல முதல் 30 மேட்ச்ல 1 கோல். நடுவுல ஏஎச்எல்லுக்கு (என்எச்எல்லுக்கு ஒரு படி கீழ இருக்கற லீக்) வேற அனுப்பினாங்க. செயின்ட் லூயி வந்ததுக்கப்புறம் 37 மேட்ச்ல 22 கோல். கையும் ஸ்டிக்கும் அதேதான். குள்ளமா இருக்கற ஆட்டக்காரன் பெரிய ஆளுங்க நடுவுல எப்படி இடம் கண்டுபிடிக்கணும்னு இன்னொரு குள்ளமான ஆள் உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. வலைக்கு முன்னாடி முன்கூட்டியே போய் நின்னா மறைச்சுடுவாங்க, கொஞ்சம் தள்ளி இருந்துட்டு பக் வர்ற நேரத்துக்கு உள்ள நுழையணும், இந்த மாதிரி. அவர் சிஸ்டம்னு சொல்ல மாட்டாரு, கான்செப்ட்னு சொல்வாரு. அந்த எடத்துக்குப் போய் நில்லுன்னு உத்தரவு போடாம, எதைப் பாத்து முடிவு எடுக்கணும்னு கத்துக்குடுக்கறது. உடனே எல்லாம் மாறிடல, டீம் ரெண்டு மூணு வருஷம் அடியிலதான் கெடந்துச்சு, ஆனா 2025ல ப்ளேஆஃப் போயிட்டாங்க.

இன்னொருத்தர், க்ரெய்க் பெரூபே. ஆட்டக்காரரா 1,054 மேட்ச்ல 61 கோல்தான், பெனால்டி மட்டும் 3,149 நிமிஷம், சண்டை போடறதுக்குன்னே வெச்சிருந்த ஆள். அவர் ஏஎச்எல்ல கோச்சா இருந்து, ஃப்ளையர்ஸ்ல ஹெட் கோச் ஆகி, வேலை போய், மறுபடியும் ஏஎச்எல்லுக்கே இறங்கிப் போய், அப்புறம் 2018 நவம்பர்ல செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்ல தற்காலிக கோச். 2019 ஜனவரி 3ஆம் தேதி லீக்லயே கடைசி இடம். அதே ஜூன் 12ல பாஸ்டன்ல ஏழாவது கேம் ஜெயிச்சு கப். 1967லேர்ந்து இருக்கற டீமுக்கு அதுதான் முதல் கப்!

அதனால நட்சத்திரமா இல்லையாங்கறது கேள்வியே இல்லன்னு நெனைக்கறேன். இந்த மூணு பேருக்கும் ஆட்டம் தானா வரல, யோசிச்சு யோசிச்சுத்தான் லீக்ல ஒட்டிக்கிட்டிருந்தாங்க.

ஓவர்டைம்_ஓவியா:

ராத்திரி_ஆட்டம் சொன்ன கடைசி வரி ரொம்ப சரி, ஆனா அதுவே போதாது, நான் பட்டதச் சொல்றேன். நான் காலேஜ் வரைக்கும் ஆடினேன், டிஃபன்ஸ். மூணு வருஷமா பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு கோச்சிங் குடுக்கறேன். முதல் மாசம் நான் கத்தினதெல்லாம் ஒரே வாக்கியம்தான், பக் எங்க வரப்போகுதோ அங்க போன்னு. ஒரு பொண்ணு தண்ணி குடிக்க வந்தவ ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து என்னைப் பாத்து, அது எங்க வரும்னு எனக்கு எப்படித் தெரியும் கோச்னு கேட்டா. உண்மையாவே எங்கிட்ட பதில் இல்ல. எனக்கு எப்படித் தெரியும்னு எனக்கே தெரியல.

அன்னைக்கு ராத்திரி நான் ஆடின பழைய மேட்ச் வீடியோவ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். மூலைக்குப் போன பக்க எடுக்கப் போகும்போது நான் ரெண்டு தடவ தோளுக்கு மேல திரும்பிப் பாக்கறேன். முதல் தடவ எத்தனை பேர் துரத்திட்டு வராங்கன்னு, ரெண்டாவது தடவ பக்க தொடறதுக்கு ஒரு நொடி முன்னாடி, அவங்க ஸ்டிக் எந்தப் பக்கம் இருக்குன்னு. அது எனக்குத் தெரியாமலேயே என் உடம்பு செஞ்சிட்டிருந்த வேலை. அடுத்த ப்ராக்டிஸ்ல பக் இல்லாமலே அந்தத் தோள் திருப்பறத மட்டும் இருபது நிமிஷம் செய்ய வெச்சேன், பின்னாடி நின்னு விரல காட்டுவேன், எத்தனை விரல்னு கத்தணும். ரெண்டு வாரத்துல அந்தப் பொண்ணு மூலையிலேர்ந்து பக்கோட வெளிய வந்துட்டா.

க்ரெட்ஸ்கி வலைக்குப் பின்னாடி நின்னு ஆடுவாரே, அவரோட ஆபீஸ்னே அந்த எடத்துக்குப் பேர். அங்க நின்னா யார் எங்க வருவாங்கன்னு அவருக்குத் தெரியும், ஆனா அத இன்னொருத்தன் கையில குடுக்கறதுக்கு முதல்ல துண்டு துண்டா உடைக்கணும். பிரிண்டமோரோட ஆட்டம் உடைக்கத் தோதான ஆட்டம்னு எனக்குத் தோணும். ஃபேஸ்ஆஃப் எடுத்துக்கோங்க, அதாவது லைன்ஸ்மேன்ங்கற நடுவர் ரெண்டு பேருக்கு நடுவுல பக்கப் போட்டு ஆட்டத்தத் தொடங்கறது. லைன்ஸ்மேன் கை கீழ வர்ற அந்த அரை நொடிதான். கீழ்க்கை ஸ்டிக்கோட பிளேடுக்குப் பக்கத்துல வரைக்கும் இறங்கி இருக்கணும், முட்டி நல்லா மடங்கணும், கண்ணு எதிராளியோட மூஞ்சியப் பாக்கக் கூடாது, லைன்ஸ்மேன் கையப் பாக்கணும், பக்க எந்த விங்கருக்கு இழுக்கப் போறோம்னு முன்னாடியே முடிவாகி இருக்கணும், தோத்தா உடனே எதிராளியோட ஸ்டிக்க அழுத்தணும். இதெல்லாம் சொல்லிக் குடுக்க முடியற விஷயம். பெனால்டி கில், அதாவது ஒரு ஆள் குறைவா இருக்கும்போது தடுக்கறது, அதுவும் அப்படித்தான். இருபது வருஷம் இதையே செஞ்சவர் கோச் ஆனா, வார்த்தை ரெடியா இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், இங்க எல்லாரும் ஆம்பளைங்களப் பத்தியே பேசறீங்க. ஜெசிகா கேம்ப்பெல் தெரியுமா? கனடா தேசிய டீமுக்கு ஆடினவங்க, ஆட்டத்த விட்டுட்டு ஸ்கேட்டிங் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க, என்எச்எல் ஆட்டக்காரங்களே அவங்ககிட்ட வந்து கத்துக்கிட்டாங்க. அப்புறம் ஏஎச்எல்ல கோச்செல்லா வேலி டீம்ல அசிஸ்டன்ட், 2024ல சியாட்டில் க்ராக்கன். என்எச்எல்ல முழுநேர அசிஸ்டன்ட் கோச்சா பெஞ்சுக்குப் பின்னாடி நின்ன முதல் பெண். என் டீம் பொண்ணுங்களுக்கு அந்த மேட்ச போட்டுக் காட்டினேன், அவங்க ஆட்டத்தையே பாக்கல, பெஞ்சையே பாத்துட்டிருந்தாங்க.

நீலக்கோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓவியா அக்கா, தோளுக்கு மேல பாக்கறதப் பத்தி நீங்க எழுதினதப் படிச்சிட்டு நேத்து ஒரு மேட்ச் பாத்தேன், டிஃபன்ஸ்மேன மட்டுமே பாத்துட்டிருந்தேன், நிஜமாவே ரெண்டு தடவ திரும்பறாங்க, இத்தனை வருஷமா கண்ணுல படவே இல்ல.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பிரிண்டமோருக்கு 2021ல ஜாக் ஆடம்ஸ் விருது குடுத்தாங்க, சிறந்த கோச்னு. 2019லேர்ந்து 2025 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் ப்ளேஆஃப், குறைஞ்சது ஒரு சுத்தாவது ஜெயிச்சிருக்காங்க. ஆனா கான்ஃபரன்ஸ் ஃபைனல்னு வந்தா, 2019ல பாஸ்டன்கிட்ட 4-0, 2023ல ஃப்ளோரிடாகிட்ட 4-0, 2025ல மறுபடி ஃப்ளோரிடாகிட்ட 4-1. மூணு தொடர் சேந்து ஒரே ஒரு வெற்றி. இது கோச்சோட குறையா? மனசு கேக்க மாட்டேங்குது, அதான் கேக்கறேன்.

பழைய_ஸ்கேட்:

தம்பி, வலிக்குதுன்னு தெரியுது, எனக்கும் அப்படித்தான். ஆனா 2023 தொடர திரும்பப் பாருங்க. 4-0ன்னு எழுதினா துடைச்சு எறிஞ்ச மாதிரி இருக்கு, நாலு மேட்ச்சுமே ஒரே ஒரு கோல் வித்தியாசம். முதல் கேம் நாலாவது ஓவர்டைம் முடிய 13 நொடிகூட இல்லாதப்ப மேத்யூ கசக் போட்டாரு. கிட்டத்தட்ட 140 நிமிஷ ஹாக்கி. அந்த மாதிரி ராத்திரில கோச் என்ன செய்ய முடியும்? லைன் (சேந்து ஆடற மூணு ஃபார்வர்ட்) மாத்தலாம், களைச்சவன உக்கார வைக்கலாம், ஒருத்தர் ஐஸ்ல ஒரு தடவ ஆடற ஷிஃப்ட 45 நொடிலேர்ந்து 30 நொடியாக் குறைக்கலாம், அதுக்கு மேல பக் எங்க பட்டுத் தெறிக்கும்னு யாருக்குத் தெரியும்.

குறையே இல்லன்னு சொல்ல வரல. அவரோட ஆட்டம் ஐஸ் முழுக்க ஆளுக்கு ஆள் துரத்தற ஆட்டம், எதிராளிக்கு மூச்சு விட நேரம் குடுக்காது, 82 மேட்ச்ல அது நிறைய டீம முறிச்சுப் போட்டுடும். மே மாசத்துல எதிர நிக்கறவனும் அதே வேகத்துல துரத்தறவனா இருந்தா, கடைசில கோல் போடறதுக்கு ஒரு தனிக் கை வேணும், அது கரோலினாகிட்ட குறைவாவே இருந்துச்சு. அது பாதி மேனேஜ்மென்ட் விஷயம்.

அப்புறம் ஒண்ணு கவனிச்சீங்களா, அந்த ரெண்டு தடவயும் ஃப்ளோரிடா பெஞ்சுக்குப் பின்னாடி நின்னது பால் மாரிஸ். 2002 ஃபைனல்ல பிரிண்டமோர் ஆடினப்ப அவருக்கு கோச்சா இருந்தவர், 2011ல அசிஸ்டன்டா சேரும்போது ஹெட் கோச்சா இருந்தவர். மாரிஸ் என்எச்எல்ல ஒரு மேட்ச்கூட ஆடினதில்ல, ஜூனியர் காலத்துலயே கண்ணுல அடிபட்டு ஆட்டம் முடிஞ்சுபோச்சு. முதல் கப் 2024லதான் கெடச்சுது, அதுக்கு முன்னாடி கால் நூற்றாண்டுக்கு மேல பெஞ்சுக்குப் பின்னாடி நின்னாச்சு.

நடுவட்டம்:

தாமதமா வரேன், எல்லாரும் ஒருத்தர விட்டுட்டீங்க. டோ ப்ளேக். மான்ட்ரியால்ல மாரிஸ் ரிஷார், எல்மர் லாக் கூட ஒரே லைன்ல ஆடின நட்சத்திரம், 1939ல ஹார்ட் டிராஃபி வாங்கினவர், 1948ல கால் முறிஞ்சு ஆட்டம் நின்னுச்சு. உடனே கனேடியன்ஸ் பெஞ்ச் கிடைக்கல, வேலிஃபீல்ட் மாதிரி சின்ன லீக் டீம்கள்ல வருஷக்கணக்கா கோச்சா இருந்துட்டு 1955லதான் வந்தாரு. வந்த உடனே தொடர்ச்சியா அஞ்சு ஸ்டான்லி கப், 13 சீசன்ல மொத்தம் எட்டு. ரிஷார் பழைய லைன்மேட், இப்ப அவருக்கே கோச். அப்பவும் நடுவுல அந்த வருஷங்கள் இருந்துச்சு, பழைய_ஸ்கேட் அண்ணா சொன்ன மாதிரியே.

ஓவர்டைம்_ஓவியா:

நீலக்கோடு தம்பி, இன்னும் ஒரு மேட்ச் பாருங்க, 2020 பிப்ரவரி 22, டொரான்டோல. கரோலினாவோட ரெண்டு கோலியுமே அடிபட்டு வெளிய போயிட்டாங்க. அவசர கோலியா இறங்கினது டேவிட் ஏர்ஸ், 42 வயசு, ஐஸ் சமப்படுத்தற வண்டி ஓட்டறவர். அவர் பாத்த முதல் ரெண்டு ஷாட்டும் உள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் எட்டு ஷாட்டத் தடுத்தாரு, ஹரிகேன்ஸ் 6-3ன்னு ஜெயிச்சாங்க. எல்லாரும் ஏர்ஸத்தான் பாப்பாங்க, நீங்க மத்த அஞ்சு பேரப் பாருங்க. பக் அவங்க பக்கம் வந்தா எப்படி விழுந்து விழுந்து மறைக்கறாங்க, எப்படி டொரான்டோவ சுடவே விடாம மூலைக்கு ஓரங்கட்டறாங்கன்னு. மூணாவது பீரியட்ல பெஞ்சுக்குப் பின்னாடி நிக்கறவரோட மூஞ்சியையும் ஒரு தடவ நிறுத்திப் பாருங்க.

நீலக்கோடு:

வீடியோ கெடச்சுடுச்சு அக்கா, முழு மேட்ச்சும் இருக்கு. ரெண்டாவது பீரியட்லேர்ந்து போட்டிருக்கேன், பாத்துட்டு வந்து எழுதறேன்.